வைத்த கண் வாங்காமல்... முடியுமா?

"வைத்த கண் வாங்காமல் பார்த்தான்" என்று கதைகளில் எழுதுவார்கள். சினிமாவில் ஹீரோயின் அறிமுகம் என்றால் ஹீரோவுக்கு இது கட்டாயம் :) ஆனால் உண்மையில் அப்படி யாராலும் பார்க்க முடியாது. வைத்த கண்ணை ஒவ்வொரு நொடியும் வாங்கிக்கொண்டேதான் இருக்கிறோம். வாங்காவிட்டால்? எதிரில் இருப்பவர் காணாமல் போய்விடுவார்!

காமர்ஸ் படிக்கிறவனுக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு என்று கேட்காதீர்கள். பேலன்ஸ் ஷீட்டை முறைத்துக்கொண்டே இருக்கிறவனுக்குத்தான் இந்தச் சந்தேகம் வரும்.

ஒரு புள்ளியையே உற்றுப் பார்க்கும்போதும் கண் மூன்று விதமாக அசைகிறது. முதலாவது, மிக வேகமான, மிகச் சிறிய நடுக்கம். இரண்டாவது, மெதுவாக வழுக்கிப்போகும் நகர்வு. மூன்றாவது, நொடிக்கு ஒன்றிரண்டு முறை வரும் குட்டித் தாவல். இதற்கு மைக்ரோசக்காட் என்று பெயர். கையை நீட்டிக் கட்டைவிரலைப் பாருங்கள். நகத்தின் அகலம் சுமார் 2 டிகிரி. இந்தத் தாவல் பெரும்பாலும் 1 டிகிரிக்கும் குறைவு. நமக்குத் தெரியாமலேயே நடக்கிறது.

சரி, ஒரு சோதனை. வெள்ளைத் தாளின் நடுவில் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். கொஞ்சம் தள்ளி, பென்சிலை லேசாகத் தேய்த்து ஓரம் தெரியாதபடி மங்கலாக ஒரு திட்டு போடுங்கள். இப்போது புள்ளியை மட்டும் விடாமல் பாருங்கள். சில நொடிகளில் திட்டு கரைந்துபோகும். கண்ணை நகர்த்தினால் உடனே திரும்பி வரும்! சுவிட்சர்லாந்து மருத்துவர் இக்னாஸ் ட்ராக்ஸ்லர் 1804லேயே இதைக் கவனித்து எழுதிவிட்டார்.

காரணம் எளிமையானது. விழித்திரையில் இருக்கும் நரம்பு செல்கள் மாற்றத்துக்குத்தான் நன்றாகப் பதில் சொல்லும். ஒரே வெளிச்சம் ஒரே இடத்தில் விழுந்துகொண்டே இருந்தால் அடங்கிவிடும். கையில் கட்டிய வாட்ச் கொஞ்ச நேரத்தில் உறைக்காமல் போகிறதே, அதுபோல. பார்வையின் ஓரத்தில் ஒவ்வொரு செல்லும் கவனிக்கும் பரப்பு பெரியது. குட்டி அசைவுகள் அங்கே போதுமான மாற்றத்தைத் தருவதில்லை. அதனால்தான் மங்கலான திட்டு மறைகிறது.

அசைவே இல்லாமல் செய்தால் என்ன ஆகும்? 1950களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் டிட்ச்பர்ன், அமெரிக்காவில் ரிக்ஸ் ஆகியோர் செய்து பார்த்தார்கள். கான்டாக்ட் லென்சில் குட்டிக் கண்ணாடி பொருத்தி, கண் அசையும்போது படமும் கூடவே அசையும்படி அமைத்தார்கள். சில நொடிகளில் படம் மங்கி மறைந்தது. நமக்குள்ளேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. விழித்திரைக்கு முன்னால் ரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. அவற்றின் நிழல் விழித்திரையில் விழுகிறது. ஆனால் கண்ணோடு சேர்ந்தே நகர்வதால் அந்த நிழல் நமக்குத் தெரிவதில்லை.

இனிதான் சண்டை. ஊசியில் நூல் கோர்ப்பது போன்ற நுட்பமான வேலை செய்யும்போது இந்தத் தாவல்கள் குறைவதாக 1976ல் ஓர் ஆய்வு சொன்னது. பயன்படுகிற விஷயம் என்றால் தேவையான நேரத்தில் ஏன் குறைய வேண்டும்? நியாயமான கேள்விதானே! 1980ல் கௌலர், ஸ்டைன்மன் இருவரும் இவற்றால் பிரயோஜனமே இல்லை என்று அடித்துச் சொன்னார்கள். டிட்ச்பர்ன் ஒத்துக்கொள்ளவில்லை. 2006ல் மார்டினெஸ்-கோண்டே குழு, தாவல்கள் கூடும்போது மறைந்த உருவம் திரும்பத் தெரிகிறது என்று காட்டியது. 2010ல் ரூச்சி குழு திரையில் ஊசி, நூல் படம் காட்டிச் சோதித்தது. தாவல்கள் கண்டபடி நடக்கவில்லை. ஊசிக்கும் நூலுக்கும் இடையே பார்வையைத் துல்லியமாக மாற்றி மாற்றி வைத்தன. அந்த மெதுவான நகர்வும் சும்மா இல்லை, நுண்ணிய விவரங்களைப் பார்க்க அதுவும் உதவுகிறது என்கிறார்கள்.

முப்பது வருஷம் "வேஸ்ட்" கணக்கில் எழுதப்பட்ட ஒன்று, சொத்துப் பக்கம் வந்துவிட்டது. சரியாக அளக்கும் கருவி வரும்வரை அதைத் தள்ளுபடி செய்யக்கூடாது என்பதுதான் எனக்குப் பிடித்த பாடம்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. கண் ஒரு இடத்திலும் கவனம் வேறு இடத்திலும் இருந்தால், தாவல்களின் திசை கவனம் இருக்கும் பக்கம் சாய்வதாக 2002, 2003ல் வந்த ஆய்வுகள் சொல்கின்றன. போர்டைப் பார்த்தபடியே ஜன்னல் பக்கத்தை நினைத்தால் கண் காட்டிக்கொடுத்துவிடும்! நல்லவேளை, அதைப் பிடிக்க வேகமான கேமரா வேண்டும். எங்கள் காஸ்டிங் சாரிடம் அது இல்லை :)