குதிரை தேடிப் போன வழி

திருப்பத்தூரில் எந்த மாடியில் ஏறி நின்று கிழக்கே நோக்கினாலும் ஜவ்வாது மலைத்தொடர் நீலச் சுவர் போல் நீண்டு கிடப்பதைக் காணலாம். வடக்கே ஏலகிரி. இவ்விரு மலைகளின் அடியில் அமைந்த இவ்வூர் 2019ஆம் ஆண்டு நவம்பரில் தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று. அரசின் சந்தனமரக் கிடங்கு இங்குண்டு. 1951இல் தொடங்கிய தூய நெஞ்சக் கல்லூரி இங்குண்டு. மலைமேல் காவலூரில் உலகறிந்த வானாய்வுக்கூடம் உண்டு. ஆயினும் உயிருள்ள ஒரு குதிரையைக் காண்பது இவ்வூரில் அரிதாகிவிட்டது. மண்குதிரைகள் மட்டும் ஐயனார் கோயில்களில் காவல் நிற்கின்றன.

நமது சிறு வயதில் இந்நிலை இல்லை. 1970களின் பிற்பகுதியில், சேலம் செல்லும் தடத்திலுள்ள திருப்பத்தூர் நிலையத்தில் இறங்கினால், வாசலில் ஐந்தாறு ஜட்கா வண்டிகள் காத்திருக்கும். புல்லைப் பரப்பி அதன்மேல் சாக்கு விரித்திருப்பார்கள். பாரம் பின்னே சாய்ந்துவிடாதபடி, "முன்னே தள்ளி உட்காருங்கள்" என்று வண்டிக்காரர் அதட்டுவார். ஜவ்வாது மலையின் புதூர் நாட்டிலிருந்து தலைச்சுமையாக இறங்கிய சாமை மூட்டைகளும் புளி மூட்டைகளும் அடிவாரத்திலிருந்து சந்தைக்கு அவ்வண்டிகளில் வந்ததுண்டு. பின்னர் ஆட்டோ வந்தது; ஜட்கா போயிற்று. போனதற்காக எவரும் அன்று கண்ணீர் விட்டதாக நமக்கு நினைவில்லை.

இதையெல்லாம் எண்ணிப் பார்க்கும்படி செய்தவள் பதினோரு வயதுச் சிறுமி ஒருத்தி. 2023ஆம் ஆண்டு அக்டோபரில், ஒரு சனிக்கிழமை மாலை, தாயும் தந்தையும் அவளை அழைத்துக்கொண்டு நம் இல்லத்திற்கு வந்தனர். தந்தை ஆம்பூரில் காலணித் தொழிற்சாலை ஒன்றில் மேற்பார்வையாளர். தாய் தொடக்கப்பள்ளி ஆசிரியை. அதற்கு முந்திய மாதம் 26ஆம் நாள், சீனாவின் ஹாங்சௌ நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில், சுதிப்தி ஹஜேலா, திவ்யகிருதி சிங், ஹிருதய் சேடா, அனுஷ் அகர்வாலா ஆகிய நால்வரும் டிரெஸ்ஸாஜ் எனப்படும் குதிரை நடைப் போட்டியில் நம் நாட்டிற்குத் தங்கம் பெற்றுத் தந்தனர். குதிரையேற்றத்தில் 1982க்குப் பின், 41 ஆண்டுகள் கழித்துக் கிட்டிய தங்கம் அது. அதைத் தொலைக்காட்சியில் கண்ட நாள் முதல் இச்சிறுமிக்கு வேறு பேச்சில்லை. குதிரையேறக் கற்க வேண்டும், எங்கே கற்கலாம்?

"நீங்கள் வேண்டாமென்று சொன்னால் கேட்டுக்கொள்வாள், சாமி" என்றார் தாய். "புனித சின்னப்பரே குதிரையிலிருந்து விழுந்தார் அல்லவா? இவள் எம்மாத்திரம்?"

அப்போஸ்தலர் பணி நூலைப் புரட்டிப் பார்க்கும்படி அவரிடம் சொன்னோம். சின்னப்பர் தரையில் விழுந்தார் என்ற செய்தி அங்குண்டு. குதிரையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அவரைக் குதிரைமேல் ஏற்றி வைத்தவர்கள் பிற்கால ஓவியர்களே. இதைக் கேட்டுச் சிறுமி மகிழ்ந்தாள்; தாய்க்கு நம்மீது சற்று வருத்தம்தான்.

தந்தை அதுவரை வாய் திறக்கவில்லை. புறப்படும்போது மற்றவர்களை முன்னே விட்டுவிட்டு, வாயிற்படியில் நின்று மெல்லச் சொன்னார்: "சாமி, எங்கள் அப்பா ஸ்டேஷன் வாசலில் ஜட்கா ஓட்டியவர். பள்ளிக்கூடத்தில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. 'கொள்ளு' என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த வாடையிலிருந்து வெளியே வர எனக்கு இருபது வருடம் ஆயிற்று. இவள் காசு கட்டி மறுபடியும் அதற்குள்ளே போகிறேன் என்கிறாள்."

அவருக்கு என்ன மறுமொழி கூறுவதென்று அன்று நமக்குத் தோன்றவில்லை.

மறுவாரம், செலவில்லாமல் ஆசையைத் தீர்த்துவிடலாமென்று கருதி, அவளை ஏலகிரிக்கு அழைத்துச் சென்றனர். நாமும் உடன் சென்றோம். கொண்டை ஊசி வளைவுகள் 14ஐயும் கடந்து மேலேறினால், சுற்றுலா வருவோரைக் குதிரையேற்றி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கிவிடும் ஒருவரைக் கண்டோம். தலைக்கவசம் இல்லை. சிறுமியின் கால் அங்கவடிக்கு எட்டவுமில்லை. கயிற்றைப் பிடித்து அவர் நடத்த, சேணத்தைப் பற்றிக்கொண்டு அமர்ந்திருந்தாள், புகைப்படமும் எடுத்தாயிற்று. இறங்கியதும் அவள் சொன்னது ஒன்றே: "அதன் வாயோரத்தில் புண் இருக்கிறது." மேலும் ஒரு சுற்றுக்குக் காசு தருகிறேன் என்று தந்தை சொல்லியும் மறுத்துவிட்டாள். குதிரைக்காரரையும் நாம் குறை கூறுவதற்கில்லை. சுற்றுலாக் காலத்தில் கிடைப்பதை வைத்து மழைக்காலத்தைத் தள்ளும் வாழ்க்கை அவருடையது. ஆனால் ஏறி அமர்வது வேறு, கற்பது வேறு என்பது அன்று எல்லோருக்கும் தெளிவாயிற்று.

இதனிடையே சிறுமியின் சித்தப்பா ஒரு யோசனை சொன்னார். மாதந்தோறும் கட்டணம் எதற்கு? ஆடி மாதத்தில் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் திருவிழாவில் குதிரைச் சந்தை கூடுகிறது. ஒன்றை வாங்கி வந்து வீட்டின் பின்புறத்தில் கட்டிவிட்டால் போகிறது என்றார். நம்மைப் போன்றோர் இதைக் கேட்டுத் தலையசைத்துவிடுவோம். அப்போதுதான் திண்ணையில் அமர்ந்திருந்த பெரியவர், அச்சிறுமியின் தாத்தா, முதன்முறையாகப் பேசினார்.

குதிரைக்கு ஒரு நாளைக்கு 30 லிட்டர் தண்ணீராவது வேண்டும். வெயில் காலத்தில் இன்னும் கூடும். அதன் வயிறு சிறிது; ஆகவே கொஞ்சம் கொஞ்சமாக, நாள் முழுவதும் புல் தின்ன வேண்டும். கொள்ளும் தவிடும் அளவோடு தரவேண்டும். தின்றது ஒத்துக்கொள்ளாவிட்டால் மாட்டைப் போல அசைபோடவும் அதற்கு வராது, நாயைப் போல வாந்தியெடுக்கவும் வராது. சூலை கண்டால் இரவு முழுவதும் நடத்திக்கொண்டே மருத்துவருக்குக் காத்திருக்க வேண்டும். ஆறு அல்லது எட்டு வாரத்திற்கு ஒருமுறை லாடத்தைக் கழற்றிக் குளம்பைச் சீவி மறுபடி அடிக்க வேண்டும். அதற்கு இன்று இவ்வூரில் ஆள் எங்கே? இவ்வளவையும் சொல்லிவிட்டு, "வேலையில்லாமல் கட்டிப்போட்ட குதிரை கெட்டுப்போகும்" என்று முடித்துக்கொண்டார். சித்தப்பா அப்பேச்சை மீண்டும் எடுக்கவில்லை. மகனோ தன் தந்தை இத்தனை நேரம் தொடர்ந்து பேசிக் கேட்டதே இல்லையென்று பின்னர் நம்மிடம் கூறினார்.

குதிரையை வாங்கப் போவதில்லை என்று முடிவாயிற்று. அப்படியானால் குதிரை உள்ள இடத்திற்குப் பிள்ளையைக் கொண்டுபோக வேண்டும். சென்னை வேப்பேரியிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியைச் சார்ந்து தேசிய மாணவர் படையின் குதிரைப் பிரிவு இயங்குகிறது. ஆனால் அது கல்லூரி மாணவர்களுக்கு உரியது. நம் சிறுமி அந்த வயதை எட்ட இன்னும் பல ஆண்டுகள் ஆகும். எஞ்சியது பெங்களூர். 2021இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில் 23ஆம் இடம் பெற்ற ஃபவாத் மிர்சா அந்நகரத்தவர். 20 ஆண்டுகளுக்குப் பின் ஒலிம்பிக்கில் குதிரையேறிய இந்தியர். அவருடைய தந்தை குதிரை மருத்துவர். அத்தகைய வீடுகளில் பிள்ளை பிறக்கும்போதே குதிரை அருகில் இருக்கிறது. நம் குடும்பங்களிலோ தந்தை ஒரு தொலைபேசி எண்ணிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

அவர் அழைத்த முதல் இடத்தில், பிள்ளையின் வயதைக் கேட்பதற்கு முன்பே பள்ளியின் பெயரையும் தந்தையின் உத்தியோகத்தையும் கேட்டனர். பின்னர் இடமில்லையென்றனர். இரண்டாவது இடத்தில் சொன்ன மாதக் கட்டணம் அவர் சம்பளத்தில் பாதிக்கு மேல். மூன்றாவதாக, நகரின் வடபுறத்திலிருந்த சிறிய பயிற்சிக்கூடம் ஒன்றின் ஆசிரியர் வேறு விதமாகப் பேசினார். "ஒரு நாள் அழைத்து வாருங்கள். குதிரைக்கும் பிள்ளைக்கும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டுக் கட்டணத்தைப் பேசலாம்" என்றாராம். புறப்படும் முன் தடுப்பூசிக் குறிப்பை எடுத்துப் பார்க்கும்படியும் சொன்னார். குதிரைச் சாணமும் தொழுவத்து மண்ணும் உள்ள இடத்தில் சிறு கீறலும் வில்வாத நோய்க்கு வழியாகலாம். ஆகவே அந்த ஊசி தவறாமல் போட்டிருக்க வேண்டும். பெற்றோர் இதைக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

2024 சனவரியில் ஒரு நாள் விடியுமுன்னே வாடகைக் காரில் புறப்பட்டோம். தாத்தாவையும் அழைத்துவர வேண்டுமென்று சிறுமி பிடிவாதம் பிடித்தாள். தந்தை முகம் சுளித்தார். பின்பு முன் இருக்கையை அவருக்கு விட்டுக்கொடுத்தார்.

பெங்களூருக்கு ஏறத்தாழ 130 கிலோமீட்டர். கந்திலி, பர்கூர் வழியே கிருஷ்ணகிரி சேர்ந்து, அங்கிருந்து சூளகிரி, ஓசூர் என்று போகும் வழி. இந்நிலத்திற்குப் பாராமகால் என்பது பழைய பெயர். இந்த மண்ணில் குதிரைகள் பட்ட பாடு கொஞ்சமா? ஜவ்வாது மலையின் தெற்குச் சரிவுக்கு அப்பால் செங்கத்தில், 1767 செப்டம்பர் 3ஆம் நாள் ஐதர் அலியின் படையும் ஆங்கிலேயர் படையும் மோதின. அவ்வாண்டின் இறுதியில் ஆம்பூர்க் கோட்டையை ஐதர் முற்றுகையிட்டார். 1792இல் பாராமகால் ஆங்கிலேயர் கைக்கு மாறியதும், கேப்டன் ரீடும் அவருக்குத் துணையாக வந்த தாமஸ் மன்றோவும் ஏழாண்டுக் காலம் இந்நிலத்தை அளந்து வரி விதித்தனர். ஓசூரை நெருங்கியபோது, மத்திகிரி கால்நடைப் பண்ணையைப் பற்றிச் சொன்னோம். படைக்குக் குதிரைகளை வளர்த்துத் தருவதற்காக 1824இல் ஆங்கிலேயர் அதனைத் தொடங்கினர். பெரியவர் கண்ணாடி வழியே நெடுநேரம் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

பயிற்சிக்கூடம் பெரிதன்று. மணல் பரப்பிய வட்டத் திடல், மரவேலி, ஓட்டுக்கூரையின் கீழ் எட்டுக் குதிரைகள். ஆசிரியர் முதலில் சிறுமியின் காலணியைப் பார்த்தார். அடி தட்டையாக இருந்தால் பாதம் அங்கவடிக்குள் வழுக்கி மாட்டிக்கொள்ளும். விழுந்தவரைக் குதிரை இழுத்துக்கொண்டு ஓடும். ஆகவே சிறிது குதிகால் உயர்ந்த காலணி வேண்டும். காலணித் தொழிற்சாலையில் வேலை செய்பவர் மகளுக்குக் காலணி பொருந்தவில்லை! தந்தைக்குப் பெரும் வெட்கம். அன்றைக்கு அங்கிருந்த ஒரு பழைய ஜோடியும் தலைக்கவசமும் இரவல் கிடைத்தன.

குதிரையேற வந்தவளுக்கு முதல் அரை மணி நேரம் ஏறும் வாய்ப்பே இல்லை. பின்புறமாக நெருங்கக் கூடாது. இடத்தோளின் பக்கமாகப் பேசிக்கொண்டே செல்ல வேண்டும். உடலைத் தேய்த்துவிட வேண்டும். குளம்பைத் தூக்கி, அதில் அடைந்த மண்ணையும் கல்லையும் கொக்கியால் எடுக்க வேண்டும். இங்குதான் பெரும்பாலான பிள்ளைகள் அஞ்சிப் பின்வாங்குகிறார்களாம். இவளோ குதிரையின் வாற்பக்கம் நோக்கித் திரும்பி நின்று, தோளால் அதனை இலேசாகத் தள்ளி, கையை முழங்காலிலிருந்து கீழே வழுக்கிக்கொண்டுபோய்க் குளம்பை உயர்த்தினாள். ஆசிரியர் வியந்து, "இதை யார் சொல்லிக்கொடுத்தார்கள்?" என்று கேட்டார்.

"எங்கள் தாத்தா. திருப்பத்தூர் ஸ்டேஷனில் ஜட்கா ஓட்டியவர்" என்றாள், எல்லோரும் கேட்கும்படியாக. மூன்று மாதமாகத் திண்ணைத் தூணைக் குதிரைக் காலாக வைத்துப் பாடம் நடந்திருக்கிறது. பெற்றோர் இருவருக்கும் தெரியாது.

தந்தை வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாம் அவர் முகத்தைப் பார்க்காமல் வேறுபக்கம் பார்த்தோம்.

பின்னர் ஏற்றினார்கள். ஆசிரியர் நீண்ட கயிற்றைப் பிடித்துத் திடலின் நடுவில் நிற்க, குதிரை அவரைச் சுற்றி வட்டமாக நடந்தது. இரண்டு சுற்றுக்குப் பின் அங்கவடிகளைக் கழற்றச் சொன்னார். தாய் பதறி வாய் திறப்பதற்குள், "அம்மா, நீங்கள் கத்தினால் பிள்ளைக்கு முன்பு குதிரைக்குக் கேட்கும்" என்று அடக்கிவிட்டார். காலூன்ற இடமில்லாதபோதே உடல் தன் சமநிலையைக் கண்டுகொள்ளுமாம். நமக்குச் சென்னைத் தீவுத்திடலருகே நிற்கும் மன்றோவின் சிலை நினைவுக்கு வந்தது. சாண்ட்ரி என்னும் சிற்பி வடித்து 1839இல் நிறுவப்பட்ட அச்சிலையில் அங்கவடி கிடையாது. சிற்பி மறந்துவிட்டார் என்று ஊரார் நூற்றாண்டுக்கு மேலாகக் கேலி பேசுகின்றனர். பாராமகாலில் மன்றோவும் இப்படித்தான் பயின்றாரோ என்று அத்தாயிடம் வேடிக்கையாகச் சொன்னோம். அவர் சிரிக்கவில்லை. செபமாலை அவர் விரல்களில் ஓடிக்கொண்டிருந்தது.

நான்காம் சுற்றில் குதிரை ஓட்டநடைக்கு மாறியதும் சிறுமி ஒருபுறம் சரிந்து மணலில் விழுந்தாள். தாய் வேலியைத் தாண்டவில்லை. வாயை மட்டும் கையால் மூடிக்கொண்டார். சிறுமி எழுந்து, மணலைத் தட்டிவிட்டுக்கொண்டு, முதலில் குதிரையிடம் சென்று அதன் கழுத்தைத் தடவினாள். பெரியவர் தமக்குள் ஏதோ சொல்லிக்கொண்டார், நமக்குக் கேட்கவில்லை.

வாரந்தோறும் 130 கிலோமீட்டர் போய்வருவது ஆகாத காரியம். மாதத்திற்கு ஒரு பாடமென்றால் கற்றது மறந்துபோகும் என்றார் ஆசிரியர். ஆகவே மே மாத விடுமுறையில் மூன்று வாரம், நகரிலுள்ள அத்தை வீட்டில் தங்கி நாள்தோறும் பயில்வதென்றும், காலையில் தொழுவ வேலையில் உதவினால் கட்டணத்தில் ஒரு பகுதியைக் குறைப்பதென்றும் ஏற்பாடாயிற்று. தொழுவ வேலை என்ற சொல்லைக் கேட்டதும் தந்தை மறுப்பாரென்றே எண்ணினோம். அவர் மகளின் பாதத்தைத் தாள்மீது வைத்துப் பென்சிலால் அளவெடுத்துக்கொண்டிருந்தார். அடுத்த முறை தாமே தைத்துக்கொண்டு வருவதாகச் சொன்னார்.

திரும்பும்போது கந்திலியைத் தாண்டியதும் இருட்டிவிட்டது. ஜவ்வாது மலை கருங்கோடாய்த் தெரிந்தது. பெரியவர் உறங்கிப் போயிருந்தார். ஜட்கா நின்ற இடத்தைப் பார்க்க வேண்டுமென்று சிறுமி கேட்டாள். தாத்தாவை எழுப்ப வேண்டாமென்று கையசைத்த தந்தை, ஓட்டுநரிடம் காரை நிலையத்திற்கு விடச் சொன்னார். இறங்கி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, இருசக்கர வண்டிகள் வரிசையாக நின்ற வாசலுக்கு நடந்தார்.

"இங்கே ஒரு புளியமரம் இருந்தது. அதன் அடியில் கல்தொட்டி. நம்முடைய வண்டி மூன்றாவதாக நிற்கும்" என்று அவர் காட்டிக்கொண்டிருந்தபோது, சேலம் வண்டி வந்து நின்றது.