அலியை அடித்தவன்

பள்ளி விடுமுறை விட்டால் நான் கடற்பாலம் தாண்டி உட்லண்ட்ஸுக்குப் போய்விடுவேன். அங்கே பதினோராவது மாடியில் என் சித்தப்பா இருக்கிறார். செம்பாவாங் பக்கம் கப்பல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சமையலறைச் சன்னலைத் திறந்தால் ஜொகூர் பாரு தெரியும். "நம்ம பக்கம் மழையா பாரு" என்பார். சிங்கப்பூருக்கு வந்து ஐம்பது ஆண்டு ஆகப்போகும் மனிதருக்கு இன்னமும் 'நம்ம பக்கம்' அதுதான்!

போன விடுமுறையில் எங்களுக்குள் ஒரு வழக்கு. சொத்து வழக்கல்ல. லேரி ஹோம்ஸ் என்ற அமெரிக்கக் குத்துச்சண்டை வீரரை உலகப் பெரும் வீரர்கள் வரிசையில் எங்கே உட்கார வைப்பது என்பதுதான் வழக்கு. வாத்தியாருக்கு வேறு வேலை இல்லையா என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

எங்கள் வீட்டில் ஹோம்ஸ் பெயரைச் சொல்லக்கூடாது. அப்பா முகம்மது அலியின் பக்தர். 1975 ஜூலை முதல் தேதி கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் அலி, ஜோ பக்னரோடு பதினைந்து சுற்று மோதிப் புள்ளிக் கணக்கில் வென்றார். நான் பிறக்காத காலம் அது. பால் வெட்டும் அப்பாவுக்கு டிக்கெட் வாங்க வசதி ஏது? பத்திரிகையில் வந்த படத்தை வெட்டிச் சட்டம் போட்டு, லயத்து வீட்டில் முருகன் படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டிவிட்டார். அந்த அலியைத்தான் 1980 அக்டோபர் 2ஆம் தேதி லாஸ் வேகாஸில் ஹோம்ஸ் அடித்து உட்கார வைத்தார். பத்தாவது சுற்று முடிந்ததும் அலியின் பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டி சண்டையை நிறுத்திவிட்டார்.

1988 ஜனவரியில் மைக் டைசன் ஹோம்ஸை நாலாவது சுற்றில் சாய்த்த செய்தி வந்த அன்று எங்கள் வீட்டில் கோழிக்குழம்பு. எனக்கு ஒன்பது வயது. எதற்குக் கோழி என்று கேட்காமல் தின்றேன்.

சித்தப்பா கட்சி வேறு. "அவன் எங்கேருந்து வந்தான்னு தெரியுமா உனக்கு?" என்று ஆரம்பிப்பார். தெரியும். 1949இல் ஜார்ஜியா மாநிலத்தில், பிறர் நிலத்தில் பாடுபட்டுப் பங்கு வாங்கும் குடும்பத்தில் பிறந்தவர். பிள்ளைகள் பன்னிரண்டு. பிறகு பென்சில்வேனியாவின் ஈஸ்டன் நகரத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். சிறுவயதிலேயே பள்ளியை விட்டுக் கார் கழுவும் வேலைக்குப் போனார். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொன்னால் அமெரிக்கா என்றே நம்பமாட்டார்கள்.

எழுபதுகளின் முதல் பாதியில் அலியின் பயிற்சி முகாமில் சேர்ந்தார். பெரியவர் பழகுவதற்காக எதிரே நின்று அடிவாங்கும் கூலி வேலை அது. 1975இல் மணிலாவில் அலியும் ஜோ ஃபிரேசியரும் மோதியதை உலகமே பேசியது. அதே நாள் அதே மேடையில் ஹோம்ஸும் ஒரு சண்டை போட்டு வென்றார். யார் கவனித்தது?

1978 ஜூனில் கென் நார்ட்டனுடன் பதினைந்து சுற்று. கடைசிச் சுற்றுவரை யார் பக்கம் என்று தெரியாத சண்டை அது. நூலிழையில் வென்று பட்டம் பெற்றார். அதை ஏழு ஆண்டுகள் விட்டுக் கொடுக்கவில்லை. ஏறக்குறைய இருபது முறை பட்டத்தைக் காத்தார். ஹெவிவெயிட்டில் இருபத்தைந்து முறை காத்த ஜோ லூயிக்கு அடுத்தபடி அந்தக் காலத்தில் அவர்தான்.

அவருடைய ஆயுதம் இடது கை ஜேப். முகத்துக்கு நேரே நீட்டி இழுக்கும் குத்து. பார்க்கப் பெரிதாக ஒன்றும் இருக்காது. நல்ல வெட்டுக்காரர் கத்தியைப் பாருங்கள்: ஒவ்வொரு மரத்திலும் ஒரே ஆழம், பட்டை காயப்படாது, பால் வரும். அதை நின்று கைதட்டிப் பார்ப்பவர் உண்டா? ஹோம்ஸின் ஜேப்பும் அப்படித்தான். சும்மா ஜேப் மட்டுமல்ல, நெஞ்சுறுதியும் இருந்தது. 1979இல் எர்னி ஷேவர்ஸ் என்ற இடிக்கைக்காரர் ஏழாவது சுற்றில் ஒரு குத்து விட்டார். அப்படி விழுந்தவர்கள் பொதுவாக எழுவதில்லை. ஹோம்ஸ் எழுந்தார், பதினோராவது சுற்றில் வென்றார்.

குறையும் சொல்ல வேண்டும். கடைசி ஆண்டுகளில் வலுவான ஆட்களைத் தவிர்த்துச் சுலபமானவர்களையும் எடுத்துக்கொண்டார். விதர்ஸ்பூனிடமும் கார்ல் வில்லியம்ஸிடமும் தப்பிப் பிழைத்தார் என்றே சொல்லலாம். வாயும் கெட்டது. 1985 செப்டம்பரில் அவர் 48 வெற்றி, தோல்வியே இல்லை. இன்னொன்று வென்றால் ராக்கி மார்சியானோவின் 49ஐத் தொட்டிருப்பார். எடை குறைந்த பிரிவிலிருந்து வந்த மைக்கேல் ஸ்பிங்க்ஸிடம் தோற்றார். தோற்ற கையோடு, இறந்துபோன மார்சியானோவை மட்டமாகப் பேசினார். அந்த ஒரு பேச்சு ஏழு ஆண்டுப் பாட்டை மறைத்துவிட்டது.

"இங்க மட்டும் என்னவாம்?" என்றார் சித்தப்பா. "சையத் அப்துல் காதிர் 1972ல மியூனிக் ஒலிம்பிக்ஸ் போனார். 1974ல காமன்வெல்த்தில வெண்கலம் வாங்கினார். கீழே விளையாடற பசங்ககிட்ட கேளு, அலியைத் தெரியும், காதிரைத் தெரியாது."

வழக்கு இங்கேயே முடிந்திருக்கலாம். ஆனால் எங்கள் வீட்டில் ஹோம்ஸ் வெறும் குத்துச்சண்டைக்காரர் அல்ல.

சித்தப்பாவுக்கு வேலை கற்றுக் கொடுத்ததே அப்பாதான். பன்னிரண்டு வயதில் பின்னால் கூட்டிப் போய்க் கத்தி பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவர். பிறகு சித்தப்பா சிங்கப்பூர் போனார். மாதா மாதம் பணம் வரும். நான் ஆசிரியர் பயிற்சியில் இருந்த காலம் முழுதும் வீட்டு அடுப்பு அந்தப் பணத்தில்தான் எரிந்தது. அப்பா இதை வெளியே சொன்னதில்லை. 'அண்ணன்தான் குடும்பத்தை நிமிர்த்தினார்' என்று ஊர் பேசியது. சித்தப்பாவும் மறுக்கவில்லை.

2003இல் அப்பாவின் கை நடுங்க ஆரம்பித்தது. மரத்தில் வெட்டு ஆழமாக விழுந்தது. மேட்டு நிரையில் வாளியோடு இரண்டு முறை சரிந்தார். நானும் அம்மாவும் சொல்லிப் பார்த்தோம், கேட்கவில்லை. சித்தப்பா வந்தார். விடியற்காலை பிரட்டுக் களத்தில், தண்டலும் மற்றவர்களும் பார்த்துக்கொண்டிருக்க, அப்பா கையிலிருந்த கத்தியை வாங்கிக்கொண்டு "போதும்ணே, வாங்க வீட்டுக்கு" என்றார்.

அதன்பிறகு அப்பா தம்பியோடு பேசவில்லை. "அலியை அடிச்சவனும் இவனும் ஒண்ணு" என்பார். 2011இல் காலமாகும்வரை அப்படியேதான். நானும் அப்பா பக்கம்தான் நின்றேன். சொன்ன விஷயம் சரி, சொன்ன இடம் தப்பு என்பது என் தீர்ப்பு. வீட்டுக்குள் நாங்கள் சொல்லிக் கேட்காததை எந்த இடத்தில் சொல்வது என்று நான் யோசித்ததில்லை.

இந்த முறை அந்த 1980 சண்டையைக் கைப்பேசியில் முழுதாகப் பார்த்தோம். அப்பா இருந்தவரை நான் பார்க்காதது. அலிக்கு முப்பத்தெட்டு வயது. கை எழவே இல்லை. என்னைப் பிடித்து நிறுத்தியது ஹோம்ஸின் முகம். அடித்துவிட்டு நடுவரைப் பார்க்கிறார், 'நிறுத்துங்களேன்' என்பதுபோல. சண்டை முடிந்தபின் வென்றவரே அழுதார். ஒன்பதாவது சுற்றில் சித்தப்பா எழுந்து தே கலக்கப் போய்விட்டார். கூப்பிட்டேன், வரவில்லை.

தே வந்த பிறகு என் பட்டியலைச் சொன்னேன். அலி முதல், ஜோ லூயி இரண்டு, ஹோம்ஸ் மூன்று. மார்சியானோ அன்பர்கள் என்னை மன்னிக்க வேண்டும். நாற்பத்திரண்டு வயதில், 1992இல், தோல்வியே காணாத ஒலிம்பிக் தங்கக்காரர் ரே மெர்சரைக் கயிற்றில் சாய்ந்து நின்றபடியே அடித்து வென்ற மனிதரை அதற்குக் கீழே வைக்க எனக்கு மனமில்லை.

சித்தப்பா குவளையைக் கீழே வைத்தார். "மூணா?" என்றார். சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் சிரித்தார்.

"அண்ணன் இருந்திருந்தா உனக்கு ரெண்டு நாளைக்குச் சோறு போட்டிருக்க மாட்டாரு."