யார் மூட்டினது?

ஜாகிர் உசேன் இறந்த வாரம் அது, 2024 டிசம்பர். வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் மடிக்கணினியில் 'சக்தி' குழுவின் முதல் இசைத்தட்டைப் போட்டேன். ஆஸ்பத்திரிக்குக் காட்டுவதற்காகப் பெரியப்பா ஊரிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்தார். பெரியம்மாவின் வீட்டுக்காரர். 71 வயது. நாற்பது வருடங்களுக்கு மேல் மிருதங்கம் மூட்டியவர். இப்போது அவர் விரல்கள் சரியாக மடங்குவதில்லை.

முதல் பாட்டு 18 நிமிடம் ஓடும். கிடார், வயலின், தபேலா, கடம், மிருதங்கம். அவ்வளவு வேகத்தை ஒரே இடத்தில் நான் அதிகம் கேட்டதில்லை. பெரியப்பா சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக் கேட்டார். தூங்கிவிட்டார் என்றே நினைத்தேன். முடிந்ததும் கேட்டார்.

"மிருதங்கம் யாரு?"

"ராம்நாடு ராகவன்னு ஒருத்தர், பெரியப்பா."

"வாசிச்சது அவரு, சரி. யார் மூட்டினது?"

என்னிடம் பதில் இல்லை. பள்ளிக்கூட நாளிலிருந்து இந்தத் தட்டைக் கேட்டு வருகிறேன். அந்தக் கேள்வி எனக்கு ஒருமுறையும் தோன்றியதில்லை. சமூகவியல் படித்தேன், உழைப்பைப் பற்றிப் பக்கம் பக்கமாகத் தேர்வில் எழுதினேன். இருந்தும் தோன்றவில்லை.

படிக்கிற தம்பி தங்கைகளில் பலர் இந்தக் குழுவைக் கேட்டிருக்க மாட்டீர்கள் என்பதால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஜான் மெக்லாஃப்லின் இங்கிலாந்தில் பிறந்த ஜாஸ் கிடார் கலைஞர். 'மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா' என்ற பெயரில் மின் கிடாரோடு காதைக் கிழிக்கும் சத்தத்தில் வாசித்துக்கொண்டிருந்தவர். புகழோடு இருக்கும்போதே அதை விட்டுவிட்டு, மின்சாரம் இல்லாத கிடாரை எடுத்துக்கொண்டு எல். சங்கரின் வயலின், ஜாகிர் உசேனின் தபேலா, விக்கு விநாயக்ராமின் கடம் ஆகியவற்றோடு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அந்த முதல் தட்டு ஸ்டூடியோவில் ஒட்டி வெட்டிச் செய்ததல்ல. 1975 ஜூலை 5 அன்று நியூயார்க் மாநிலத்தில் ஒரு கல்லூரியில், கேட்பவர்கள் முன்னால் வாசித்ததைப் பதிவு செய்தது. பல வருடங்களுக்குப் பிறகு மாண்டலின் ஸ்ரீனிவாஸ், கஞ்சிரா செல்வகணேஷ், பாடகர் சங்கர் மகாதேவன் என்று ஆட்கள் மாறிக் குழு மறுபடி கூடியது. 2024இல் கிராமி விருதும் வாங்கியது.

இரண்டு இசையும் எப்படி ஒட்டுகின்றன? ஜாஸில் ஒரு பாட்டின் கார்டு வரிசை திரும்பத் திரும்பச் சுற்றி வரும். வாசிப்பவர் அதன்மேல் அந்த நிமிடத்தில் தோன்றுவதைக் கட்டிக்கொண்டு போவார். கர்நாடக இசையில் கார்டு கிடையாது. சுருதி அசையாமல் நிற்க, ராகத்துக்குள்ளேயே நிரவலும் கற்பனாஸ்வரமும் வளரும். ஆகவே கார்டு மாறிக்கொண்டே இருந்தால் ராகம் நிற்க இடமில்லை. இதற்கு ஒரு வழியை ஜாஸ்காரர்களே ஏற்கனவே திறந்து வைத்திருந்தார்கள். 1959இல் வந்த மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் புளூ' கார்டுகளைக் குறைத்து, ஒரு ஸ்வர வரிசையிலேயே நெடுநேரம் நின்று வாசித்தது. அதில் வாசித்த ஜான் கோல்ட்ரேன் ரவிசங்கரின் இசையைத் தேடிக் கேட்டவர். 1961இல் 'இந்தியா' என்றே ஒரு பாட்டு வாசித்தார். தன் மகனுக்கு ரவி என்று பெயர் வைத்தார்.

தாளத்தில் ஒட்டுவது இன்னும் எளிது. ஜாஸில் இருவர் நான்கு நான்கு அளவாக மாற்றி மாற்றி வாசிப்பார்கள். நம் தனி ஆவர்த்தனத்தில் குறைப்பு வருமே, கிட்டத்தட்ட அதுதான். ஒருவர் கேட்க இன்னொருவர் பதில் சொல்ல, அளவு குறைந்து குறைந்து கடைசியில் இருவரும் ஒன்றாக வந்து விழுவார்கள். எதிரே இருப்பவர் என்ன சொன்னார் என்று கேட்காவிட்டால் பதில் சொல்ல முடியாது. அதிலும் பெருக்கிக் காட்டும் கருவிகள் குறைந்த மேடையில், பக்கத்தில் இருப்பவர் சத்தம் கேட்கவேண்டுமானால் உன் சத்தத்தை நீதான் குறைக்க வேண்டும்.

எனக்கு இந்த இசை பிடிக்கும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனிமேல் சொல்லப்போவது குறை.

ஃப்யூஷன் கச்சேரிகளின் அறிமுக உரையில் ஒரு வாக்கியம் தவறாமல் வரும்: "இரண்டு மாபெரும் மரபுகள் சந்திக்கின்றன." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஜாஸ் எங்கிருந்து வந்தது? அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் பிள்ளைகளிடமிருந்து வந்தது. நியூ ஆர்லியன்ஸில் காங்கோ சதுக்கம் என்று ஓர் இடம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை கிடைத்த ஓய்வில் அடிமைகள் கூடி மேளம் அடித்து ஆடிய இடம். மேலே சொன்ன மைல்ஸ் டேவிஸ், 'கைண்ட் ஆஃப் புளூ' வெளிவந்து பத்து நாள்கூட ஆகாத நிலையில், நியூயார்க்கில் தான் வாசித்துக்கொண்டிருந்த 'பேர்ட்லேண்ட்' கிளப்புக்கு வெளியே நின்றிருந்தார். நகரச் சொன்னது போலீஸ். இங்கேதான் வாசிக்கிறேன் என்று பலகையில் இருந்த தன் பெயரைக் காட்டினார். மண்டையை உடைத்துக் கைது செய்தார்கள். 1963இல் பர்மிங்காமில் ஒரு தேவாலயத்தில் வெள்ளை வெறியர்கள் குண்டு வைத்து நான்கு சிறுமிகளைக் கொன்ற பிறகு, கோல்ட்ரேன் 'அலபாமா' வாசித்தார். அதில் ஒரு சொல் கிடையாது, ஆனால் கேட்டவர்களுக்குப் புரிந்தது.

நமக்கு இந்த வரலாறு அந்நியமல்ல. பாபாசாகேப் 1946இல் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972இல் பம்பாயில் தொடங்கிய தலித் பேந்தர்ஸ் பெயரை எடுத்ததே பிளாக் பேந்தர்ஸிடமிருந்துதான். அறிமுக உரையில் இந்தச் சொந்தம் வராது. ஸ்வரம் கடல் தாண்டி வருகிறது, அந்த ஸ்வரத்தை வாசித்தவரின் உடைந்த மண்டை கரையிலேயே நின்றுவிடுகிறது.

இப்போது பெரியப்பாவின் கேள்விக்கு வருகிறேன். அன்றிரவு தேடினேன். மெக்லாஃப்லினுக்காக அந்தச் சிறப்புக் கிடாரைச் செய்தவர் பெயர் ஐந்து நிமிடத்தில் கிடைத்தது. கிப்சன் நிறுவனத்திலிருந்த ஆபிரகாம் வெக்டர். ஆறு தந்திகளுக்குக் குறுக்கே, சிதாரில் இருப்பதுபோல் கூட அதிர்வதற்கென்று ஏழு தந்திகள் போட்டார். வீணையைப்போல் கமகம் இழுக்க வசதியாக விரல்பலகையைக் குடைந்து கொடுத்தார். அவர் இல்லாமல் அந்தக் கிடாரில் ராகம் வந்திருக்காது என்று ரசிகர்கள் எழுதியிருக்கிறார்கள். நியாயமான பாராட்டு. மிருதங்கம் மூட்டியவர் பெயர் மட்டும் எங்கேயும் கிடைக்கவில்லை. "கிடைச்சா சொல்லு" என்று சொல்லிவிட்டுப் பெரியப்பா படுத்துக்கொண்டார்.

மிருதங்கம் என்றால் என்ன? பலாக்கட்டை, மாட்டுத்தோல், ஆட்டுத்தோல், இழுத்துக் கட்ட எருமைத்தோல் வார். வலந்தலையின் நடுவில் தெரியும் கறுப்பு வட்டத்துக்குப் பெயர் சோறு. உண்மையிலேயே சோறுதான். வெந்த சோற்றோடு கல்பொடி சேர்த்துப் பிசைந்து, ஒவ்வொரு பூச்சாக வைத்துத் தேய்த்து, காயவிட்டு, மறுபடி தேய்ப்பார்கள். ஒரு பூச்சு கூடினால் நாதம் மாறும். தோலைத் தேர்ந்தெடுப்பதில் தொடங்கி இதில் எதுவும் எந்திரம் செய்வதல்ல. மின்கருவி என்றால் பொத்தானைத் திருப்பிக் குறையை மறைக்கலாம். இங்கே தோல் என்ன சொல்கிறதோ அதுதான் மேடையில் கேட்கும். அந்த 18 நிமிடத்தில் நாம் கேட்டதில் பாதி, மூட்டியவரின் காது.

சின்ன வயதில் பெரியப்பாவோடு ஒரு வித்வான் வீட்டுக்குப் போயிருக்கிறேன். கொல்லைப்பக்க வாசல்தான் எங்களுக்கு. அங்கே இருவரும் இரண்டு மணி நேரம் ஒரே ஒரு சொல்லைப் பற்றிப் பேசுவார்கள். அவர் ஒரு தட்டுத் தட்டுவார். "இன்னும் கொஞ்சம் மூடிக்கிட்டு வருதே" என்பார். பெரியப்பா ஒரு பூச்சைச் சுரண்டி எடுப்பார். அவர் மறுபடி தட்டுவார். யோசித்துப் பார்த்தால் அதுவும் ஒருவர் கேட்க ஒருவர் பதில் சொல்வதுதான். மேடையில் நடக்கும் உரையாடலுக்கு முன்னால் கொல்லைப்புறத்தில் நடந்தது. வேலை முடிந்ததும் பெரியப்பாவுக்குக் காப்பி வரும், தனி டம்ளரில். குடித்துவிட்டு அவரே கழுவிக் கவிழ்த்துவிட்டு வருவார்.

ஒருமுறை கோபமாகக் கேட்டேன், எப்படி அந்த வீட்டுக்குத் திரும்பத் திரும்பப் போனீர்கள் என்று. "அவரு கெட்டவரு இல்லம்மா. உங்க பெரியம்மா ஆபரேஷனுக்கு அவருதான் பணம் குடுத்தாரு. என் காதை மதிச்சாரு." சற்று நேரம் கழித்து, "டம்ளரை நான் மறக்கல" என்றார். இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை. நான் ஒன்றைத்தான் சொல்வேன். அவர் இரண்டையும் சொன்னார்.

பாலக்காடு மணி ஐயருக்கு மிருதங்கம் செய்து கொடுத்த பர்லாந்துவின் பெயரை இன்று நாம் சொல்ல முடிகிறதென்றால், டி.எம். கிருஷ்ணா 2020இல் எழுதிய 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' முக்கியமான காரணம். மிருதங்கம் செய்யும் தலித் கிறிஸ்தவக் குடும்பங்களைப் பற்றிய புத்தகம். அதை வெளியிடக் கொடுத்திருந்த அரங்கத்தின் அனுமதி கடைசி நேரத்தில் திரும்பப் பெறப்பட்டு, வேறு இடத்தில்தான் வெளியீடு நடந்தது. அமெரிக்கக் கிடாருக்கும் தபேலாவுக்கும் இடம் கண்டுபிடிக்கிற ஊரில், மிருதங்கத்தைச் செய்தவர்களைப் பற்றிய ஒரு புத்தகத்துக்கு இடம் கிடைப்பது அவ்வளவு சிரமமாக இருந்தது.

"இசைக்குச் சாதி இல்லை" என்று யாராவது சொன்னால் நான் இப்போது சண்டை போடுவதில்லை. "யார் மூட்டினது?" என்று மட்டும் கேட்கிறேன்.

கேட்டால் போதுமா, நாமும் செய்ய வேண்டாமா? சென்ற ஏப்ரலில், அம்பேத்கர் பிறந்தநாளை ஒட்டி எங்கள் மாலைநேர மையத்துப் பிள்ளைகளோடு ஒரு முயற்சி செய்தோம். கல்யாணத்துக்கும் சாவுக்கும் பேண்டு செட்டில் கிளாரினெட் வாசிக்கும் ஓர் அண்ணன், சர்ச் பாட்டுக்குழுவில் கிடார் வாசிக்கும் கல்லூரி மாணவன், பறை அடிக்கும் இரண்டு தம்பிகள், மிருதங்கம் கற்றுக்கொள்ளும் ஒரு தங்கை. மிருதங்கம் பெரியப்பா கொடுத்தது. யாருக்கும் மைக் கிடையாது.

முதல் சிக்கல் சத்தம். இரண்டு பறை ஒலித்தால் மின்சாரம் இல்லாத கிடார் இருப்பதே தெரியாது. தம்பிகள் அடிக்குச்சியை வைத்துவிட்டு, சிண்டுக்குச்சியால் மட்டும் வாசித்துப் பழகினார்கள். "பறையை ஏன் அடக்கணும்?" என்று ஒருவன் கேட்டான். சரியான கேள்வி. பாதி நிகழ்ச்சியில் கிடாரை நிறுத்திவிட்டுப் பறை முழுக்குரலில் பேசட்டும் என்று முடிவு செய்தோம்.

இரண்டாவது சிக்கல் தீ. தோல்பறையைக் காய்ச்சினால்தான் சத்தம் எழும். குளிரூட்டிய அரங்கத்தில் சீக்கிரமே தொய்ந்துவிடும். உள்ளே தீ மூட்டக்கூடாது என்றார் அரங்கப் பொறுப்பாளர். அவர் சொன்னது விதி, அதில் தப்பில்லை. ஆனால் ஓர் அரங்கம் கட்டும்போது எந்த வாத்தியம் வரும் என்று நினைத்துக் கட்டுகிறார்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. வெளியே தெருவோரம் வைக்கோல் கொளுத்தி, ஒரு பொடியன் பறைகளை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு ஓடினான்.

நடுவில் எல்லாம் குலைந்தும் போனது. நான்கு, இரண்டு, ஒன்று என்று அளவைக் குறைத்து வரும்போது தம்பி ஒருவன் எண்ணிக்கையைத் தவறவிட்டான். கிடார் நின்றது, மிருதங்கம் நின்றது. பேண்டு செட் அண்ணன் மட்டும் நிறுத்தவில்லை. ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு விட்டு விட்டு நின்றார். ஒவ்வொருவராக அதைப் பிடித்துத் திரும்பி வந்தார்கள். நடுவீதியில் ஆட்டக்காரர்களோடு முப்பது வருடம் வாசித்தவருக்கு அது தெரிந்திருந்தது. அன்று கைத்தட்டல் அந்த இடத்துக்குத்தான்.

தம்பி தங்கைகளே, உங்கள் கல்லூரி விழாவில் ஃப்யூஷன் வைத்தால் தாராளமாக வையுங்கள். அறிமுகம் பேசும்போது ஜாஸ் யாருடைய இசை என்று ஒரு நிமிடம் சொல்லுங்கள். அழைப்பிதழில் வாசிப்பவர் பெயருக்குக் கீழே, வாத்தியம் செய்தவர் பெயரையும் போடுங்கள். பேண்டு செட்டுக்காரரை வாசலில் வரவேற்க மட்டும் கூப்பிடாமல் மேடைக்குக் கூப்பிடுங்கள்.

நாங்கள் நோட்டீஸில் அப்படித்தான் போட்டோம். பெரியப்பா முன்வரிசையில் உட்கார்ந்து அதை விரித்துப் பார்த்தார். தன் பெயரைக் கண்டார். சந்தோஷப்படுவார் என்று காத்திருந்தேன். அவர் என்னிடம் பேனா கேட்டார். மடங்காத விரலால் பிடித்து, தன் பெயருக்கு மேலே மெதுவாக ஒரு பெயரை எழுதினார்.

"இவருகிட்டதான் கத்துக்கிட்டேன். செத்து இருபது வருஷம் ஆச்சு. இவரு பேரு எங்கயும் வந்ததில்ல."

அடுத்த நோட்டீஸில் இன்னும் இரண்டு வரிக்கு இடம் விடச் சொல்லியிருக்கிறேன்.