பொலிவியாவிலும் ஒரு மாதவப் படையாட்சி

2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரை கடந்தது. திருவனந்தபுரத்தில் 27-ஆவது கேரள சர்வதேசத் திரைப்பட விழா தொடங்கியதும் அன்றைக்குத்தான். பிரதிநிதி அட்டைக்குப் பணம் கட்டியிருந்தேன். ஆனாலும் புயல் எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியாமல் காடாம்புலியூரை விட்டுக் கிளம்ப மனம் வரவில்லை. மறுநாள் காலை முந்திரிக் கொல்லையைச் சுற்றி வந்தேன். கிளைகள் சில முறிந்து கிடந்தன; மரங்கள் தப்பித்துவிட்டன.

"போய்ட்டு வா, நான் பாத்துக்கறேன்" என்றார் சித்தப்பா. கூடவே, "நம்ம ஊர்ல இல்லாத படமா? அப்படி என்னதான் காட்டறானுவ அங்க?" என்றும் கேட்டார்.

பண்ருட்டிக்கும் அங்கிருந்து விழுப்புரத்துக்கும் பேருந்து. சித்திரை, வைகாசியில் சாலையோரம் மலைபோல் பலாப்பழம் குவிந்திருக்கும். மார்கழி நெருங்கும்போது முந்திரிப் பருப்புப் பொட்டலங்கள்தான் தொங்கும். அதில் இரண்டு வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு, இரவில் அனந்தபுரி எக்ஸ்பிரஸ் ஏறினேன். திருச்சியும் மதுரையும் தூக்கத்தில் கழிந்தன. விழித்தபோது ஜன்னலுக்கு வெளியே தென்னையும் மலையும்.

திருவனந்தபுரம் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் தம்பானூர். எதிரிலேயே லாரி பேக்கர் கட்டிய இந்தியன் காபி ஹவுஸ். செங்கல் கோபுரம், உள்ளே சுற்றிச் சுற்றி ஏறும் சரிவுப் பாதை, அதன் ஓரமாக மேசைகள். காலியான நாற்காலி கிடைக்கவில்லை. கழுத்தில் அட்டை தொங்க உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் பீட்ரூட் மசால் தோசையைப் பிய்த்தபடி, முந்தின நாள் பார்த்த படத்துக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். விழா எனக்கு அங்கேயே தொடங்கிவிட்டது.

நான் தவறவிட்ட தொடக்க நாளைப் பற்றி எதிர் மேசைக்காரர் சொன்னார். நிஷாகந்தி திறந்தவெளி அரங்கில் தார்தென் சகோதரர்களின் 'டோரி அண்ட் லோகிதா' தொடக்கப் படம். அதற்கு முன் ஈரான் இயக்குநர் மஹ்னாஸ் மொஹமதிக்கு 'ஸ்பிரிட் ஆஃப் சினிமா' விருது. அவரால் நாட்டை விட்டு வர முடியவில்லை. தன் தலைமுடியை வெட்டி அனுப்பியிருந்தார். கிரேக்க இயக்குநர் அதினா ரேச்சல் சங்காரி அதை மேடையில் தூக்கிக் காட்டியபோது அரங்கமே கைதட்டியதாம். ஹிஜாப் விதியை மீறியதாகப் பிடித்துச் செல்லப்பட்ட ஈரான் பெண் மஹ்சா அமினி இறந்து மூன்று மாதம்கூட ஆகாத நேரம் அது. சித்தப்பாவின் கேள்விக்குச் சொல்ல முதல் பதில் கிடைத்தது.

கைரளி, ஸ்ரீ, நிளா அரங்குகள் தம்பானூரிலேயே இருக்கின்றன. தாகூர் தியேட்டருக்கும் கலாபவனுக்கும் வழுதக்காடு போக வேண்டும். ஆட்டோவில் ஏறி அரங்கின் பெயரைச் சொன்னதும், "எந்தப் படம் சேட்டா?" என்று கேட்டார் ஓட்டுநர். சொன்னேன். "அது நல்ல படமாணு" என்றார். அவர் பார்த்தாரா, சவாரிகள் சொல்லக் கேட்டாரா தெரியாது. படத்தைப் பற்றி ஓர் ஊரே பேசினால் ஆட்டோக்காரருக்கும் அபிப்பிராயம் வந்துவிடுகிறது.

அந்த ஆண்டு சிறந்த படத்துக்கான தங்கச் சகோரம் வாங்கிய 'உதாமா'வை, பரிசு அறிவிப்பதற்கு முன்பே பார்த்துவிட்டேன். இயக்குநர் அலெஹாந்த்ரோ லோயசா கிரிசிக்கு இது முதல் படம். பொலிவியாவின் மேட்டுநிலம், மழை பொய்த்துக் கிடக்கிறது. கெச்சுவா இனத்து முதியவர் விர்ஜினியோவும் மனைவி சிசாவும் லாமாக்களை மேய்த்துப் பிழைக்கிறார்கள். ஊரில் தண்ணீர் வற்றுகிறது. நகரத்திலிருந்து வந்த பேரன், தங்களோடு வந்துவிடச் சொல்கிறான். கிழவர் அசைவதாக இல்லை; இருமலைக்கூட மனைவியிடமிருந்து மறைக்கிறார். முதிய தம்பதியாக வருகிறவர்கள் தொழில்முறை நடிகர்கள் அல்லர். நிஜ வாழ்க்கையிலும் கணவன் மனைவி.

எனக்குப் பத்திரக்கோட்டைக்காரர் தங்கர் பச்சானின் 'ஒன்பது ரூபாய் நோட்டு' நினைவுக்கு வந்தது. அதில் சத்யராஜ் ஏற்ற மாதவப் படையாட்சி, எங்கள் செம்மண்ணில் பலாவும் முந்திரியும் வளர்த்தவர். பிள்ளைகளால் மனம் நொந்து மண்ணை விட்டுப் போகிறார். விர்ஜினியோ போக மறுக்கிறார். முடிவு வேறுவேறானாலும் இரண்டு பேருக்கும் நோய் ஒன்றுதான். எங்கள் தெருவிலும் பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்விட, கொல்லையைக் காத்துக்கொண்டு தனியாக இருக்கும் கிழவர்கள் உண்டு. அவர்கள் இந்தப் படத்தைப் பார்த்தால் துணையெழுத்து ஒரு வரிகூடத் தேவைப்படாது.

வாழ்நாள் சாதனை விருது அந்த ஆண்டு ஹங்கேரி இயக்குநர் பேலா தாருக்கு. அவருடைய 'தி டூரின் ஹார்ஸ்' சுமார் 30 ஷாட்டுகளில் முடிந்துவிடும், ஏறக்குறைய இரண்டரை மணி நேரக் கறுப்பு வெள்ளைப் படம். ஒரு தகப்பன், ஒரு மகள், ஒரு குதிரை, வேளைக்கொரு வெந்த உருளைக்கிழங்கு. வெளியே ஓயாத காற்று. கிணறு வற்றுகிறது. விளக்கு எரிய மறுக்கிறது. அரங்கில் சிலர் எழுந்து போனார்கள், சிலர் தூங்கினார்கள். என்னால் இரண்டும் முடியவில்லை. அந்தப் படம் வெளிவந்த அதே 2011-இல், டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்தது. தாத்தா காலத்துப் பலா மரங்கள் பொழுது விடிவதற்குள் வேரோடு சாய்ந்தன. மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. மோட்டார் ஓடாததால் கிணற்றில் தண்ணீர் இருந்தும் இல்லாத நிலை. விமர்சகர்கள் படத்தில் வீசும் காற்றுக்குத் தத்துவ விளக்கம் எழுதியிருக்கிறார்கள். பண்ருட்டிப் பக்கத்து ஆளுக்கு அது வெறும் காற்றுதான். அதனாலேயே கூடுதலாகப் பயந்தேன்.

மிக நீண்ட வரிசை லிஜோ ஜோஸ் பெல்லிசேரியின் 'நண்பகல் நேரத்து மயக்க'த்துக்கு. வேளாங்கண்ணி போய்த் திரும்பும் மலையாளி ஒருவர் வழியில் ஒரு தமிழ்க் கிராமத்தில் இறங்கி, அந்த ஊர்க்காரராகவே மாறிவிடும் கதை. மம்மூட்டி தமிழ் பேசுகிறார். வீடுதோறும் பழைய தமிழ்ப் படங்களின் வசனமும் பாட்டும் ஒலிக்கின்றன. வரிசையில் என் பின்னால் நின்ற ஓய்வுபெற்ற ஆசிரியர் நான் தமிழன் என்று தெரிந்ததும், "போன விழாவில் நாங்கள் உங்கள் 'கூழாங்க'லுக்குத்தான் ஓட்டுப் போட்டோம்" என்றார். உண்மைதான். பி.எஸ்.வினோத்ராஜின் அந்தப் படம் 2021-இல் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது வாங்கியது; 2022 மார்ச்சில் இங்கே நடந்த விழாவில் பார்வையாளர் விருதைப் பெற்றது. அவருக்கு ஒரு முந்திரிப் பொட்டலத்தைக் கொடுத்தேன். இந்த முறை அவர்கள் ஓட்டு 'நண்பகல்' படத்துக்கு விழுந்தது.

மலையாளிகளுக்கு ரசனை இயல்பிலேயே அதிகம் என்று நம்மூரில் சொல்லிக்கொள்கிறோம். அது சோம்பலுக்குச் சொல்லும் சாக்கு. 1965-இல் அடூர் கோபாலகிருஷ்ணனும் நண்பர்களும் சித்ரலேகா திரைப்படச் சங்கத்தைத் தொடங்கினார்கள். அதைப் பார்த்துச் சின்ன ஊர்களிலும் சங்கங்கள் முளைத்தன; நூலகத்திலும் பள்ளிக்கூடத்திலும் திரை கட்டி உலகப் படங்களைக் காட்டினார்கள். 1994-இல் கோழிக்கோட்டில் முதல் விழா நடந்தபோது பார்வையாளர்கள் ஏற்கெனவே தயாராக இருந்தார்கள். இன்று விழாவை நடத்தும் அரசின் சலச்சித்ர அகாடமி 1998-இல்தான் வந்தது. மாணவர்களுக்குப் பாதிக் கட்டணம் என்பதால், படிக்கட்டில் உட்கார்ந்து பார்க்கும் இளைஞர் கூட்டம் ஆண்டுதோறும் சேர்ந்துகொண்டே இருக்கிறது.

சென்னையில் 2003 முதல் இந்தோ சினி அப்ரிசியேஷன் ஃபவுண்டேஷன் சர்வதேசத் திரைப்பட விழாவை நடத்திவருகிறது. 2015 பெருவெள்ளத்தால் தள்ளிப்போன விழாவை 2016 ஜனவரியில் நடத்தி முடித்தார்கள். தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கத்தின் (தமுஎகச) கிளைகள் பல ஊர்களில் உலகப் படங்களைத் திரையிட்டிருக்கின்றன. ஆக, நம்மிடம் விதை இருக்கிறது.

எங்கள் கடலூர் மாவட்டத்துக்குச் சினிமா புதிதல்ல. மஞ்சக்குப்பத்து ஜெயகாந்தன் தன் நாவலைத் தானே 'உன்னைப்போல் ஒருவன்' என்று இயக்கினார்; 1964-க்கான தேசிய விருதுகளில் சத்யஜித் ராயின் 'சாருலதா' முதலாவது சிறந்த படம், ஜெயகாந்தனின் படம் மூன்றாவது. ஆண்டுதோறும் புத்தகக் கண்காட்சி நடத்திப் பழகிய நெய்வேலி இருக்கிறது. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் அதன் மாணவர்களும் இருக்கிறார்கள். பண்ருட்டியில் முகூர்த்தம் இல்லாத நாள்களில் பூட்டிக் கிடக்கும் கல்யாண மண்டபங்கள் எத்தனையோ. ஒரு புரொஜெக்டர், தமிழில் துணையெழுத்து, உரிமையாளரிடம் முறையாக வாங்கிய அனுமதி. மாதம் ஒரு படம் போதும். முதல் படமாக 'உதாமா'வைப் போடுங்கள். முன்வரிசையைக் கிழவர்களுக்கு ஒதுக்குங்கள். படம் முடிந்ததும் மைக்கை முதலில் அவர்கள் கையில் கொடுங்கள்.