திரிகைக்குக் கீழே ஓடும் தண்ணீர்

ஜோஷிமத், உத்தராகண்ட்

அன்பின் மச்சான்,

கடற்காற்றில் வளர்ந்த உடம்பு இந்தக் குளிரைத் தாங்க மாட்டேன் என்கிறது. பின்னேரம் போன கரண்ட் இன்னும் வரவில்லை, மெழுகுதிரியை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். மேலே எங்கோ மண் சரிந்து போஸ்ட் விழுந்துவிட்டதாம். விடுதிக்காரர் அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. இன்று வழி நெடுக நான் பார்த்தது மின்கோபுரங்களை. சமோலி மாவட்டத்து ஆறுகளில் எடுக்கிற மின்சாரம் இந்த ஊர்களின் தலைக்கு மேலாலேயே சமவெளி நகரங்களுக்குப் போகிறது. 2018 ஏப்ரலில் இந்தியாவின் எல்லாக் கிராமங்களுக்கும் மின்சாரம் வந்துவிட்டதாக அறிவித்தார்கள். பத்து வீட்டில் ஒரு வீட்டுக்கும் பள்ளிக்கூடம் போன்ற பொது இடங்களுக்கும் இணைப்பு இருந்தால் அது மின்சாரம் பெற்ற கிராமம் என்பது அவர்கள் கணக்கு. கம்பி வருவது ஒன்று, கரண்ட் வருவது வேறொன்று என்பதை நமக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

இன்று ஒரு மனிதரைக் கண்டேன். அவரைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ரோட்டிலிருந்து சற்று இறங்கினால் ஓடைக்கரையில் கருங்கல்லால் கட்டிய சிறிய குடில். குனிந்துதான் உள்ளே போகலாம். கராட் என்கிறார்கள், தண்ணீரால் சுற்றுகிற மாவு ஆலை. ஓடையிலிருந்து வாய்க்கால் வெட்டி, குடைந்த மரத்தொட்டி வழியாகத் தண்ணீரைச் சரிவில் விடுகிறார்கள். அது தரைக்குக் கீழே படுக்கையாகக் கிடக்கும் சக்கரத்தின் இறக்கைகளில் அடிக்க, அதிலிருந்து எழும்புகிற தண்டு மேலே திரிகைக் கல்லைச் சுற்றுகிறது. தானியக் கூடையில் கட்டிய ஒரு குச்சி சுற்றும் கல்லில் உரசிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்துக்குத் தானியம் கொஞ்சம் கொஞ்சமாக விழும். கல் நின்றால் தானியமும் நின்றுவிடும். இதைக் கண்டுபிடித்தவன் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

ஆலைக்காரருக்கு எழுபது வயதிருக்கும். புருவமெல்லாம் மா. ஜமாஅத்தில் போன காலத்தில் பழகிய உருது கைகொடுத்தது. சாச்சா என்றுதான் கூப்பிட்டேன். அரைத்துக் கொடுப்பதற்குக் காசு வாங்குவதில்லை, மாவில் ஒரு பங்கு எடுத்துக்கொள்கிறார். பழைய மரச் சக்கரத்தைக் கழற்றிவிட்டு இரும்பு இறக்கையும் பெயரிங்கும் போட்டிருக்கிறார். அரைத்து முடிந்ததும் தண்டில் பெல்ட்டை மாட்டி ஒரு சின்ன ஜெனரேட்டரை ஓட்டுகிறார். இப்படித் திருத்திய ஆலையில் ஒன்றிரண்டு கிலோவாட் எடுக்கலாம். அவர் வீட்டுக்கும் அக்கம்பக்கத்துக்கும் பல்ப் எரிய அது காணும். லைன் கரண்ட் போகிற நாட்களில் சனம் போன்களைத் தூக்கிக்கொண்டு சார்ஜ் போட இங்கேதான் வருமாம்.

சாப்பிடாமல் விடவில்லை. குரக்கன் ரொட்டி, நெய், உப்பு போட்டு அரைத்த பச்சைமிளகாய். அவருடைய மனைவி விறகடுப்பில் சுட்டுச் சுட்டுப் போட்டார். மூலையில் கேஸ் சிலிண்டர் இருந்தது. அவசரத்துக்குத் தேத்தண்ணி வைக்க மட்டும்தானாம். அது முடிந்தால் ரோட்டிலிருந்து சுமந்து ஏற்றவேண்டும். விறகும் சுமைதான், ஆனால் அதற்குக் காசில்லை. ரொட்டியின் ருசியை எழுதினால் நீ இப்போதே பஸ் ஏறிவிடுவாய். அந்தப் புகையில் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்ததையும் எழுதத்தான் வேண்டும்.

அங்கிருந்து ரைணி கிராமத்துக்குப் போனேன். 1974 மார்ச் 26இல் கௌரா தேவியும் ஊர்ப் பெண்களும் மரங்களைக் கட்டிப்பிடித்து வெட்டவிடாமல் காத்த ஊர். இங்கேதான் ரிஷிகங்கை தௌலிகங்கையோடு சேருகிறது. 2021 பெப்ரவரி 7 காலை மேலே மலையிலிருந்து பாறையும் பனியும் பெயர்ந்து விழுந்து, 13.2 மெகாவாட் ரிஷிகங்கைத் திட்டத்தை இருந்த இடம் தெரியாமல் துடைத்துக்கொண்டு போனது. கீழே தபோவனில் கட்டிக்கொண்டிருந்த 520 மெகாவாட் திட்டத்தின் சுரங்கத்துக்குள் சேறு புகுந்தது. இறந்தவர்களும் காணாமற்போனவர்களுமாக இருநூறுக்கு மேல், பெரும்பாலும் கூலித் தொழிலாளர்கள். 2019இலேயே இந்த ஊர்க்காரர்கள் திட்டத்தின் வெடிவைப்புக்கு எதிராக நீதிமன்றம் போயிருக்கிறார்கள். வெள்ளத்துக்குப் பிறகு, திட்டங்களை நிறுத்தச் சொல்லிப் போட்ட மனுவை உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்து, மனுதாரர் ஒவ்வொருவருக்கும் 10,000 ரூபாய் செலவுத்தொகை விதித்தது. சுனாமித் தண்ணீர் எடுத்துக்கொண்டு போன கரையிலிருந்து வந்தவன் நான். ஆற்றுப் பாலத்தில் நின்றபோது நம்மூர் ஆட்களின் பெயர்கள்தான் ஒவ்வொன்றாக வாய்க்கு வந்தன. துஆச் செய்துவிட்டுத் திரும்பினேன்.

பெரிய அணையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இலங்கையில் லக்சபான, மகாவலி அணைகள் இல்லாவிட்டால் நம் வீட்டில் விளக்கேது? ஆனால் ஆபத்தைச் சுமக்கிற ஊருக்குத்தான் முதல் வெளிச்சம் போகவேண்டும், ஆற்றில் கைவைக்க முன் அந்த ஊரைக் கேட்கவும் வேண்டும். நம் நாட்டிலும் கேகாலை, இரத்தினபுரி மலைக் கிராமங்களில் சனங்களே சங்கம் அமைத்து, ஓடையில் சிறு மின்னாக்கி போட்டு, மாதச் சந்தா கட்டி நடத்தினார்கள். மின்சார சபை லைன் வந்ததும் பலதைக் கைவிட்டுவிட்டார்கள். ஊர் தன் கையால் நடத்திய ஒன்றை இவ்வளவு லேசாக விட்டிருக்கக் கூடாது. லைனோடு இணைத்து, மிஞ்சுவதைச் சபைக்கு விற்க எல்லா ஊருக்கும் வழி செய்திருக்கலாம்.

ஆலையில் இருந்தபோது சாச்சா என்னிடம் கேட்டார்: "உங்கள் பக்கம் மலையே இல்லை என்கிறாய், பிறகு எப்படி விளக்கு எரிகிறது?" மலைநாட்டுத் தண்ணீரிலும், கப்பலில் வருகிற எண்ணெயிலும், நுரைச்சோலையில் எரிக்கிற நிலக்கரியிலும் என்றேன். "கப்பலுக்குக் கொடுக்கக் காசு இல்லையென்றால்?" 2022 மார்ச் கடைசியில் டொலர் இல்லாமல் 13 மணித்தியாலம் இருட்டில் கிடந்ததைச் சொன்னேன். அவர் கூடையைத் தட்டிப் பார்த்து இன்னும் கொஞ்சம் தானியம் கொட்டினார்.

ரோடு திறந்தால் நாளைக்குக் கீழே இறங்குவேன். அடுத்தது தெஹ்ரி அணை, 260 மீட்டர் உயரம். பழைய தெஹ்ரிப் பட்டணம் முழுவதும் அதன் தண்ணீருக்கு அடியில் கிடக்கிறது. அங்கே பிறந்து வளர்ந்த யாரையாவது தேடிப் பிடித்துப் பேசிவிட்டுத்தான் அடுத்த கடிதம்.

வஸ்ஸலாம்,
உன் மச்சான்