விலாயதி பபூல்

ஜனவரிப் பனி இன்னும் விலகவில்லை. பரத்பூரில் கேவலாதேவ் பூங்கா வாசலில் சைக்கிள் ரிக்‌ஷா ஒன்றில் ஏறினேன். ஓட்டுபவருக்கு அறுபது வயதிருக்கும், கழுத்தில் பைனாகுலர். என் ஓட்டை இந்தியைப் பொறுத்துக்கொண்டு, தண்ணீருக்குள் நின்ற கருவேல மரங்களில் மஞ்சள் மூக்கு நாரைகளைக் காட்டிக்கொண்டே மிதித்தார்.

ஓரிடத்தில் சட்டென்று நிறுத்தி இறங்கினார். பாதையோரம் முழங்கால் உயரத்தில் ஒரு முள்கன்று. “விலாயதி பபூல்” என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விலாயதி என்றால் சீமை. பபூல் என்றால் கருவேலம். கரிமூட்டப் புகையில் வளர்ந்த ராமநாதபுரத்துக்காரனுக்கு அதை அறிமுகம் செய்ய வேண்டுமா!

“வெட்டினால் போகாது பாய்சாப், தூரிலிருந்து துளிர்க்கும்” என்றார். தெரியும். எங்கள் கண்மாயில் ஒரு வருஷம் இயந்திரம் வைத்து அறுத்தார்கள். அடுத்த மழைக்கு முன்னைவிட அடர்த்தியாக நின்றது.

இங்கே அந்த வேலையைச் செய்தவர்கள் சுற்றுக் கிராமத்து மக்கள். மழை பொய்த்து, வரத்துத் தண்ணீரும் குறைந்த வருஷங்களில் காய்ந்த நீர்ப்படுகைகளுக்குள் முள் இறங்கிவிட்டது. வனத்துறை ஊர்க்குழுக்களை உள்ளே அழைத்தது. வேரோடு தோண்டினால் விறகு உங்களுக்கு, அதுவே கூலி. “கடப்பாரையும் மண்வெட்டியும்தான். கையில் முள் ஏறாத ஆளே இல்லை. ஆனால் அந்தக் குளிர்காலம் முழுக்க எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது” என்றார்.

அழைக்கப்பட்டவர்கள் யார் என்பதில்தான் கதை இருக்கிறது. 1981-ல் இது தேசியப் பூங்கா ஆனது. அடுத்த ஆண்டு மேய்ச்சலுக்குத் தடை வந்தது. எதிர்த்துத் திரண்ட ஊர்க்காரர்கள் மீது போலீஸ் சுட்டதில் உயிர்கள் போயின. எருமை போனால் பறவை பெருகும் என்று நம்பினார்கள். ஆனால் எருமை தின்று மட்டுப்படுத்தி வைத்திருந்த பாஸ்பாலம் என்னும் நீர்ப்புல் கட்டுக்கடங்காமல் பரவித் தண்ணீரை மூடிவிட்டது. வாத்துகளுக்கு நீந்த இடமில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பத்தாண்டு ஆராய்ந்து, எருமை இந்த நீர்நிலைக்கு வேண்டிய பிராணி என்ற முடிவுக்கு வந்தது. முன்பு தடையை ஆதரித்ததும் அதே கழகம்தான். சொன்னதை மாற்றிச் சொல்லவும் ஒரு நேர்மை வேண்டும்.

“அப்பாவின் எருமைகளை இந்த வாசலில்தான் மறித்தார்கள். பிறகு இதே வாசல் வழியாக எங்களைக் கூப்பிட்டார்கள்” என்றார் அவர். குரலில் கோபம் தெரியவில்லை. எனக்குத்தான் என்னவோ போலிருந்தது.

கேவலாதேவ் கோயிலருகே வேட்டைக் கணக்கு வெட்டிய கற்கள் நிற்கின்றன. 1938 நவம்பரில் வைஸ்ராய் லின்லித்கோ வந்தபோது ஒரே நாளில் சுட்டவை 4,273 பறவைகள். வாசித்து முடிக்கும்வரை காத்திருந்து சொன்னார்: “எருமைகளுக்குத்தான் இங்கே கல் இல்லை.”

திரும்பும் வழியில் மறுபடி அந்தக் கன்றிடம் நிறுத்தினார். ஒரு குச்சியால் சுற்றிலும் மண்ணைக் கிளறி, ஆணிவேர் அறாமல் மெல்ல இழுத்தெடுத்து, இருக்கைக்கு அடியில் போட்டுக்கொண்டார். பரத்பூர் போனால் ரிக்‌ஷாக்காரரிடம் பறவைகளின் பெயரோடு நிறுத்திவிடாதீர்கள். எருமைகளைப் பற்றியும் கேளுங்கள்.