பாட்டியும் பத்தரை ஆட்டமும்

"பேஸ்பாலைப் பற்றிப் பெண்பிள்ளை எழுதுவதாவது!" என்று யாராவது மூக்கில் விரலை வைத்தால் வைத்துக்கொள்ளட்டும். என்னைக் கேட்டால், அந்த ஆட்டத்தைப் புருஷர்களைவிட நன்றாகப் புரிந்துகொள்ளக் கூடியவர்கள் குடும்பம் நடத்துகிற ஸ்திரீகள்தான் என்பேன். கிரிக்கெட் டெஸ்ட் மாட்ச் இருக்கிறதே, அது தீபாவளி மாதிரி. எப்போதோ வரும், ஐந்து நாள் அமர்க்களப்படும், போய்விடும். பேஸ்பால் தினசரிச் சமையல். வசந்த காலத்தில் அடுப்பை மூட்டினால் செப்டம்பர் கடைசி வரையில் அணைக்கிற பேச்சே கிடையாது. ஒவ்வொரு கோஷ்டிக்கும் 162 ஆட்டங்கள்! நேற்று ரசம் பிரமாதம் என்று இன்று அடுப்பு மூட்டாமல் இருக்க முடியுமா? நேற்றுக் குழம்பு தீய்ந்துவிட்டது என்று இன்று எல்லோரும் பட்டினி கிடப்பார்களா? ஏப்ரலில் தோற்ற ஆட்டமும் ஒன்றுதான், செப்டம்பரில் தோற்ற ஆட்டமும் ஒன்றுதான். இரண்டும் ஒரே கணக்கில்தான் ஏறும். ஆனால், மாதக் கடைசியில் செலவாகிற ஒரு ரூபாய்க்கு இருக்கிற கனம் முதல் தேதி ரூபாய்க்கு உண்டா? அதுதான் இந்தக் கதை.

நாங்கள் இருப்பது அமெரிக்காவில், மிஸிஸிப்பி நதிக்கரையில் உள்ள செயின்ட் லூயிஸ் நகரம். இந்த ஊர்க் கோஷ்டிக்குக் கார்டினல்ஸ் என்று பெயர். கார்டினல் என்பது கொண்டை வைத்த ஒரு செக்கச் சிவந்த சிறு குருவி. எங்கள் வீட்டுக் கொல்லையிலே பனிக்காலத்தில்கூட வந்து உட்காரும். ஊரில் கால்வாசிப் பேர் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு திரிந்தால் அன்று ஆட்டம் இருக்கிறது என்று அர்த்தம்.

எனக்கு இந்த ஆட்டத்தைக் கற்றுக் கொடுத்தவர் பக்கத்து வீட்டு அம்மாள். அமெரிக்க அம்மாள்தான், வெள்ளைக்காரி. எழுபத்தைந்து வயதுக்கு மேல். நான் மனசுக்குள் "பாட்டி" என்றுதான் அழைப்பேன். அவர் ஆட்டத்தை வெறுமனே கேட்கமாட்டார். ரேடியோவின் பக்கத்தில் கோடு போட்ட நோட்டும் பென்ஸிலுமாக உட்கார்ந்து, ஒவ்வொரு பந்துக்கும் நடப்பதைக் குறித்துக்கொள்வார். பால்காரன் கணக்கு நோட்டு மாதிரியே இருக்கும். யார் அடித்தார், யார் எங்கே பிடித்தார் என்று எல்லாவற்றுக்கும் எண்கள், குறிகள். ஒருவர் மட்டையை வீசித் தவறவிட்டு அவுட் ஆனால் கே என்ற ஆங்கில எழுத்து. மட்டையை அசைக்காமலே மரம் மாதிரி நின்று அவுட் ஆனால் அதே எழுத்தைத் திருப்பிப் போட வேண்டும். "வெட்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறான்" என்பார் பாட்டி.

ரேடியோவில் மைக் ஷானன் பேசுவார். அவர் இதே ஊர்க்காரர். இதே கோஷ்டியில் 1964-லும் 1967-லும் உலகத் தொடர் ஜெயித்தவர். 2023-ல் காலமானார். சொல்ல வந்ததைப் பாதியில் விட்டுவிட்டு வேறு கதைக்குப் போய்விடுவார்; அதற்குள் இரண்டு பேர் அவுட் ஆகியிருப்பார்கள். ஆனாலும் அந்தக் கரகரத்த குரல் சமையல் அறையில் ஒலித்தால் வீட்டில் பெரியவர் ஒருவர் இருக்கிற மாதிரி தெம்பாக இருக்கும்.

2011-ம் வருஷம் பாட்டிக்குச் சரியான வருஷமாக இல்லை. அதற்கு முந்திய பனிக்காலத்தில் அவர் கணவர் இறந்துபோனார். வீட்டை விற்றாகிவிட்டது, வாங்கினவர்கள் நவம்பரில்தான் குடிவருகிறார்கள். அரிஸோனாவில் இருந்த மகள், "அம்மா, உடனே கிளம்பி வா" என்று நாள் தவறாமல் டெலிபோன் செய்வாள். பாட்டி ஒரே நிபந்தனைதான் போட்டார்: "கார்டினல்ஸின் கடைசி ஆட்டம் முடிகிற வரையில் நான் இந்த வீட்டை விட்டு நகரமாட்டேன். மறுநாள் சொல்லு, வருகிறேன்."

இப்போது புரிகிறதல்லவா, எனக்கு ஏன் அவ்வளவு கவலை என்று? அந்த ஊரில் எனக்கு இருந்த ஒரே சிநேகிதி அவர். கார்டினல்ஸ் தோற்றால் செப்டம்பர் 28-ந் தேதியோடு ஆட்டம் முடிந்துவிடும்.

கோஷ்டியின் லட்சணமோ சொல்லும்படி இல்லை. பந்து வீசுவதில் சூரரான ஆடம் வெயின்ரைட், பிப்ரவரியிலேயே முழங்கை கெட்டு, ஆபரேஷன் செய்துகொண்டு வருஷம் முழுவதும் உட்கார்ந்துவிட்டார். ஆகஸ்டு 24-ந் தேதி இரவுக் கணக்கு: 67 வெற்றி, 63 தோல்வி. அப்போதைய சட்டப்படி மூன்று பிரிவுகளிலும் முதலாவதாக வந்தவர்களைத் தவிர, மீதிப் பேர்களில் மிகச் சிறந்த ஒரே ஒரு கோஷ்டிக்குத்தான் மேலே போக இடம். அந்த ஒற்றை இடத்தில் அட்லான்டா பிரேவ்ஸ் கோஷ்டி சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தது. நம்மவர்கள் அவர்களுக்குப் பத்தரை ஆட்டம் பின்னால்.

"அதென்ன அரை ஆட்டம்? பாதி ஆடிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்களா?" என்று எங்கள் வீட்டுக்காரர் கேட்டார். விஷயம் சுலபம். ஒரு கோஷ்டி மற்றதைவிட ஓர் ஆட்டம் கூடுதலாக ஆடியிருந்தால் அந்த வித்தியாசத்தை அரை என்று வைத்துக்கொள்வார்கள். அரையோ முழுசோ, பாக்கி இருந்தது 32 ஆட்டங்கள். அதற்குள் பத்தரையைப் பிடிப்பது என்பது, ரயில் அரக்கோணம் தாண்டின பிறகு சென்டிரல் பிளாட்பாரத்தில் ஓட ஆரம்பிப்பது போல.

அந்த 32-ல் கார்டினல்ஸ் 23-ஐ ஜெயித்தார்கள். பத்திரிகைக்காரர்கள் இதை அதிசயம், தெய்வச் செயல் என்றெல்லாம் எழுதினார்கள். எனக்கு அது சம்மதமில்லை. ஜூலைக் கடைசியிலேயே வித்து போட்டாகிவிட்டது. கோல்பி ராஸ்மஸ் என்று இருபத்து நாலு வயதுப் பையன், நட்சத்திரமாக வருவான் என்று எல்லோரும் நம்பியிருந்தவன், அவனை டொரான்டோவுக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு எட்வின் ஜாக்ஸன் என்ற பிட்சரையும், ஆட்டத்தின் பிற்பகுதியில் வந்து வீசுகிற இரண்டு பேரையும் வாங்கினார்கள். அந்த இருவரில் ஒருவர் பெயர் ஜெப்சின்ஸ்கி. சொல்வதற்குள் நாக்கு சுளுக்கிக்கொள்ளும். "நகையை விற்று அரிசி வாங்கியிருக்கிறார்கள்" என்று ஊரெல்லாம் வசைபாடிற்று. வாஸ்தவம்தான். ஆனால் வீட்டில் அரிசி இல்லாத போது நகையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றால் வயிறு நிறையுமா? கையில் இருந்த ஆட்டத்தை எட்டாவது ஒன்பதாவது கட்டத்தில் கோட்டைவிடுவதே அந்தக் கோஷ்டியின் வியாதி. வியாதிக்கு மருந்து வாங்கினார்கள். மானேஜர் டோனி லா ரூஸாவை எத்தனையோ பேருக்குப் பிடிக்காது. பிட்சர்களை நிமிஷத்துக்கு நிமிஷம் மாற்றி ஆட்டத்தை இழுத்தடிப்பார். எனக்கும் அலுப்பாகத்தான் இருக்கும். அந்த ஒரு மாதம் மட்டும் அவர் மாற்றின ஒவ்வொரு மாற்றத்துக்கும் நான் கட்சி.

இன்னொரு பாதியையும் சொல்லிவிட வேண்டும். நாம் ஓடினது பாதி, அவர்கள் உட்கார்ந்துவிட்டது பாதி. பிரேவ்ஸ் செப்டம்பரில் 9 ஆட்டங்களைத்தான் ஜெயித்தார்கள், 18-ஐத் தோற்றார்கள். அந்தப் பக்கத்து ரசிகையாக நான் இருந்திருந்தால் தட்டைக் கழுவாமலே படுத்திருப்பேன்.

செப்டம்பர் 22-ந் தேதி, சொந்த மைதானத்தில், நியூயார்க் மெட்ஸுக்கு எதிராக ஒன்பதாவது கட்டத்தில் நான்கு ரன் முன்னால் நின்றோம். கையில் வந்த பந்தைத் தவறவிட்டதில் ஆரம்பித்து, ஆறு ரன் கொடுத்து, 8-6 என்று தோற்றோம். பாட்டி பென்ஸிலை வைத்துவிட்டு எழுந்து போனார். சற்று நேரத்தில், காலியாகிக்கொண்டிருந்த அவர் வீட்டில் பீங்கான் சாமான்களைக் காகிதத்தில் சுற்றும் சத்தம் கேட்டது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

மறுபடி ஜெயித்தார்கள். மறுபடி தோற்றார்கள். கடைசி மூன்று ஆட்டங்கள் ஹூஸ்டனில். முதல் நாள் தோல்வி. இரண்டாம் நாள் 5-0 என்று பின்தங்கி, பிறகு 13-6 என்று வெற்றி. அன்று பிரேவ்ஸும் தோற்றதால் இரு கோஷ்டியும் 161 ஆட்டங்களுக்குப் பிறகு சமம்! செப்டம்பர் 28 இரவு, கிறிஸ் கார்ப்பென்டர் பந்து வீசினார். எதிரிகளுக்கு இரண்டே இரண்டு அடி; ரன் கிடையாது. 8-0. நம் வேலை முடிந்தது. பிறகு ஆட்டக்காரர்களும் டெலிவிஷன் முன் உட்கார்ந்து, நாங்களும் உட்கார்ந்து, அட்லான்டாவில் நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அங்கே பிரேவ்ஸை எதிர்த்து ஆடினவர்கள் பிலடெல்பியா பில்லீஸ். அவர்கள் ஏற்கெனவே தங்கள் பிரிவில் ஜெயித்து முதல் இடத்தில் இருந்தார்கள். அன்று வென்றாலும் தோற்றாலும் ஒரு செப்புக்காசு லாப நஷ்டம் இல்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. ஒன்பதாவது கட்டத்தில் சமன் செய்து, பதின்மூன்றாவது கட்டம் வரை இழுத்து, 4-3 என்று ஜெயித்தார்கள். அந்த யோக்கியதையை நான் இன்றைக்கும் மெச்சுகிறேன். அதற்குக் கிடைத்த வெகுமதி என்ன தெரியுமா? ஒன்பது நாள் கழித்து அதே பில்லீஸைக் கார்டினல்ஸ் 1-0 என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். கடைசி அவுட் ஆனவர் குதிகால் நரம்பு அறுந்து தரையிலேயே விழுந்துவிட்டார்.

இரவு பத்தரை மணிக்கு மேல் பாட்டி வீட்டு விளக்கு எரிந்தது. வாசலுக்கு வந்து, இரவு உடுப்போடு நின்றபடி, "அடி பெண்ணே, டெலிபோனில் மகளிடம் சொல்லிவிட்டேன், இப்போதைக்கு வருவதற்கில்லை என்று!" என்றார்.

இந்த இடத்தில் என் ஆட்சேபணையையும் எழுதிவிடுகிறேன். 2012 முதல் இன்னொரு கோஷ்டிக்கும் இடம் கொடுத்தார்கள்; 2022 முதல் மூன்று இடமாக்கிவிட்டார்கள். இன்றைய சட்டம் அன்று இருந்திருந்தால் 90 வெற்றி பெற்ற நாங்களும், 89 பெற்ற பிரேவ்ஸும் சௌக்கியமாக உள்ளே போயிருப்போம். அந்தப் புதன்கிழமை இரவை யாரும் ஞாபகம் வைத்திருக்க மாட்டார்கள். அதே இரவில் பாஸ்டன் கோஷ்டியும் தன் இடத்தைப் பறிகொடுத்தது. ஏழு ரன் பின்தங்கியிருந்த டாம்பா பே கோஷ்டி எழுந்து வந்து அதைப் பிடித்துக்கொண்டது. பந்திக்கு வந்தவர்களுக்கெல்லாம் இலை போடுவது தர்மம்தான். ஆட்டத்தில் அது ருசியைக் கெடுக்கிறது.

அக்டோபர் சமாசாரத்தை வேகமாகச் சொல்கிறேன். பில்லீஸோடு ஆடும்போது ஓர் அணில் மைதானத்துக்குள் புகுந்து ஓடிற்று. ஊரே அதைக் கொண்டாடிற்று, கடைக்குக் கடை அணில் பொம்மை. பிறகு மில்வாக்கி கோஷ்டியை வென்று, உலகத் தொடரில் டெக்ஸாஸ் ரேஞ்சர்ஸைச் சந்தித்தார்கள். ஏழு ஆட்டத்தில் நான்கை வெல்ல வேண்டும். அவர்கள் மூன்று, நாம் இரண்டு. அக்டோபர் 27, ஆறாவது ஆட்டம். ஒன்பதாவது கட்டத்தில் நாம் 7-5 என்று பின்னால். இரண்டு பேர் அவுட். இன்னும் ஒரு பந்து தவறினால் தீர்ந்தது. எங்கள் வீட்டுக்காரர் கொட்டாவி விட்டு, "ஆச்சு, விளக்கை அணை" என்று படுக்கப் போய்விட்டார். டேவிட் ஃப்ரீஸ் என்ற பையன், செயின்ட் லூயிஸ் புறநகரில் வளர்ந்தவன், பள்ளிக்கூடம் முடிந்ததும் பேஸ்பாலே வேண்டாம் என்று ஒரு வருஷம் விட்டுவிட்டுத் திரும்பினவன், அடித்த பந்து எதிரியின் கைக்கு எட்டாமல் போயிற்று. சமம். பத்தாவது கட்டத்தில் மறுபடி இரண்டு ரன் பின்தங்கி, மறுபடி கடைசிப் பந்து வரையில் போய், மறுபடி சமம். பதினோராவது கட்டத்தில் அதே ஃப்ரீஸ் ஹோம் ரன். 10-9. எங்கள் வீட்டுக்காரர் என்னுடைய கூச்சலில் எழுந்து வந்து, "திருடனா?" என்று கேட்டார்.

அந்த ஃப்ரீஸை 2023-ல் கார்டினல்ஸின் கௌரவ மண்டபத்தில் சேர்க்க ரசிகர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். தான் அதற்குத் தகுதியானவன் அல்ல என்று அவர் மறுத்துவிட்டார். அடக்கம் நல்லதுதான். ஆனாலும் எனக்குக் கோபம். ஓட்டுப் போட்டவர்களுக்கு ஒரு மரியாதை இல்லையா?

மறுநாள் ஏழாவது ஆட்டத்தையும் 6-2 என்று வென்று பதினோராவது உலகப் பட்டம். ஞாயிற்றுக்கிழமை ஊர்வலம். பாட்டி மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். அக்டோபர் 31, திங்கட்கிழமை, லா ரூஸா மானேஜர் பதவியிலிருந்து ஓய்வு பெறுவதாக அறிவித்தார். அன்றுதான் பாட்டியின் மகளும் காருடன் வந்தாள். செப்டம்பர் 29-ல் போக வேண்டியவர் ஒரு மாதம் இரண்டு நாள் கூட இருந்தார். அந்த முப்பத்திரண்டு நாளில் எனக்கு ஆப்பிள் பை செய்யக் கற்றுக் கொடுத்தார். நான் அவருக்கு ரவா உப்புமா கிளறக் கற்றுக் கொடுத்தேன். அவருக்குக் கட்டி தட்டாமல் வரவேயில்லை.

டிசம்பரில் ஆல்பர்ட் பூஹோல்ஸ் பெரிய சம்பளத்துக்குக் கலிபோர்னியாவுக்குப் போய்விட்டார் என்று செய்தி வந்ததும், பாட்டியிடமிருந்து கடிதம் வந்தது. பூஹோல்ஸைப் பற்றி இரண்டு வரி. அதை இங்கே எழுத முடியாது. பாக்கியெல்லாம் அரிஸோனா வெயிலைப் பற்றியும், வெயின்ரைட்டின் முழங்கை தேவலையா என்றும். கடைசியில், அடுத்த வருஷத்து முதல் ஆட்டம் ஏப்ரல் 4-ந் தேதி மயாமியில் என்று குறித்து, அன்று சாயங்காலம் டெலிபோன் பக்கத்தில் இருக்கும்படி எனக்கு உத்தரவு. கடிதத்தோடு கோடு போட்ட வெற்றுத் தாள்கள் ஒரு கத்தை இருந்தன.